பிளேட்டை உருவலாமா?

பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்ல போனவங்களுக்குத் தெரியும், திண்டுக்கல் ரோட்டுக் குழி ஒவ்வொண்ணும் முதுகெலும்புல கணக்கு எழுதும். "முன் ஸ்பிரிங்ல ஒரு பிளேட்டை உருவிடு மாப்ள"ன்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க.

குலுக்கல் குறையும், சரிதான். ஆனா லீஃப் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கலை. ஆக்சிலை இடத்துல பிடிச்சு வச்சிருக்கறதும் அதுதான். பிளேட் குறைஞ்சா பிரேக் அடிக்கிறப்ப முன்பக்கம் அமுங்கும், ஆக்சில் முறுக்கும். அப்பா அம்மாவோட சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்ப அது விளையாட்டில்லை.

உண்மையான வில்லன் துரு. பிளேட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கினாதான் ஸ்பிரிங் வளையும். செட்டைப் பிரிச்சு, துரு தேய்ச்சு, கிராஃபைட் கிரீஸ் தடவி, தேஞ்ச புஷ்ஷை மாத்தினேன். எல்லா பிளேட்டும் அப்படியே இருக்கு. அம்மா இப்ப முன்சீட்டு கேக்கறாங்க :)