பார்க்கப் போகுமுன்

விடுமுறை என்னும் சொல் எல்லோருக்கும் இனிப்பது. ஆயின் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதன்று. என் இளமையில் விடுமுறை என்பது அம்மா பெரட்டுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை. விடுமுறையைக் கழிக்க ஊர் தேடிச் செல்லும் வழக்கத்தைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தேன்.

சென்ற தேர்வு முடிந்த அன்று, விடுதி அறையில் நாங்கள் நால்வர் இலங்கைப் படத்தை விரித்து அமர்ந்தோம். இருவர் யாழ்ப்பாணத்தவர், ஒருத்தி மட்டக்களப்பைச் சேர்ந்தவள், நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். முதலில் என் வீடு. தலவாக்கலை வழியில் டெவன், சென். கிளயர் நீர்வீழ்ச்சிகள், நுவரெலியாவில் கிரகறி வாவி, பின்னர் பதுளை வழியாக மகியங்கனையை அடுத்த தம்பானை. ஆதிக்குடிகளான வேடரைப் பார்க்கவேண்டும் என்பது எல்லோரது ஆசையுமாயிற்று. என் ஆசையும் அதுவே.

அவ்வாசையோடு நூலகம் சென்றேன். 1681 இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூல் வேடரைப் பற்றிக் கூறுவதோடு, ஒரு வேடரின் உருவத்தையும் வரைந்து காட்டுகின்றது. 1911 இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட ஆய்வுநூலில் அவர்களுடைய நிழற்படங்கள் உள. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மக்கள் பார்க்கப்பட்டு வருகின்றனர். ஆனால், 1983 இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டு, அவர்கள் வேட்டையாடித் தேனெடுத்த காடு அவர்களுக்கே விலக்கப்பட்டபோது, அதனைப் பார்த்தவர் எத்தனை பேர்? பின்னர் தலைவரான வன்னில எத்தோ, 1996 இல் ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் தம் மக்களுக்காகப் பேச நேர்ந்தது.

வீடு சென்றபோது எங்கள் திட்டத்தை அம்மாவிடம் கூறினேன். அடுப்பிலிருந்து தலை நிமிராமலே அவர் கேட்டார்: "நம்மளப் பாக்க வர்ற மாதிரியா?"

எனக்கு ஏழு வயதிருக்கும். வீதியோர மலையில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். வாகனமொன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் கூடையைத் திருப்பச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், அருகே நின்ற என் கையில் ஓர் இனிப்பை வைத்தார்கள். மழையில் நனைந்த படங்கும் அட்டை கடித்த காலும் அப்படத்தில் விழுந்தனவோ, அறியேன். அப்படத்தை நாங்கள் கண்டதேயில்லை.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் தேயிலை பயிரிட்டதைச் சுற்றுலா ஏடுகள் மறவாமல் கூறுகின்றன. அத்தேயிலையைப் பறித்த மக்களுட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர் என்பதும், எஞ்சியோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் அந்த ஏடுகளுக்குத் தேவையற்றவை. காட்டில் வாழ்ந்தவர் காட்டை இழந்தனர். காடழித்த மண்ணில் உழைத்தவர் நாட்டை இழந்தனர். இரு சாராரும் வண்ணப்படங்களில் மட்டும் குறைவின்றிச் சிரிக்கின்றனர்.

மீண்டும் நால்வரும் கூடியபோது இதனைச் சொன்னேன். மட்டக்களப்புத் தோழி சிறிது நேரம் மௌனமாயிருந்தாள். பின்னர், "எங்கள் வாகரைப் பக்கத்திலும் வேடர் இருக்கிறார்கள். தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்களைப் பார்க்கவேண்டும் என்று நானே நினைத்ததில்லை" என்றாள். நாங்கள் தேடியது மனிதரையா, தோளில் கோடரி தாங்கிய ஓர் உருவத்தையா என்ற கேள்வி எங்களிடையே எழுந்தது. எவரும் உடனே விடை கூறவில்லை.

அப்படியாயின் போகாதிருப்பதா? அம்மா அவ்வாறு சொல்லவில்லை. நான் விடுதிக்குப் புறப்பட்ட அன்று அவர் சொன்னது இதுதான்: "போயிட்டு வாங்க. அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க. படம் எடுத்தா அவங்களுக்கும் ஒன்னு குடுங்க."

ஆகவே பயணம் கைவிடப்படவில்லை. வாகரையும் சேர்ந்ததால் இரண்டு நாள் நீண்டிருக்கின்றது. செலவுப் பட்டியலில் பேருந்துக் கட்டணத்தின் கீழே, படங்களை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் செலவையும் எழுதியுள்ளோம். முதல் நாள் நீர்வீழ்ச்சிக்கன்று, எங்கள் லயத்துக்கு. அங்கே அம்மாவை ஒரு படம் எடுக்கவேண்டும்: அவருக்குப் பிடித்த சேலையில், கூடையின்றி.