இம்ப்ருனேட்டா மண்தொட்டி

மண்தொட்டிதானே, அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்குத் தெற்கே இருக்கும் இம்ப்ருனேட்டா என்ற சிற்றூரில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பல நூற்றாண்டுகளாக அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்ததே சுடுமண்தான். புரூனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை எழுப்பிய புளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்குச் சிவப்பு ஓடுகள் இங்கிருந்துதான் போயின.

தோட்டத் தொட்டிகளின் கதைக்கு எலுமிச்சை ஒரு முக்கியக் காரணம். மெதிச்சி குடும்பத்தாருக்கு எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் மேல் தீராத ஆசை. அவர்கள் 1538ல் தொடங்கிய காஸ்தெல்லோ மாளிகைத் தோட்டத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான மரங்கள் பெரிய மண்தொட்டிகளில் வரிசையாக நிற்கின்றன. எலுமிச்சைக்கோ அந்த ஊர்க் குளிர் ஆகாது. அதனால்தான் தொட்டி. குளிர்காலம் வருமுன் 'லிமொனாயா' என்னும் கூடத்துக்குள் வைத்து, வசந்தத்தில் மறுபடி வெளியே எடுப்பார்கள்.

சரி, வருடம் முழுக்க மாடியிலும் படிக்கட்டு ஓரத்திலும் நிற்கும் தொட்டிகள்? சுடுமண் சுவரில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் வேருக்குக் காற்று கிடைக்கிறது. அதே துளைகளில் தங்கிய நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். தொட்டி விரிசல் விட்டு உரிந்துபோகும். செடியை வாழவைக்கும் குணமே தொட்டிக்கு எமன்! இம்ப்ருனேட்டா களிமண்ணும், ஏறத்தாழ 1000 டிகிரிச் சூளைச் சூடும் சேர்ந்து இந்தச் சிக்கலைச் சமாளிக்கின்றன.

பெரிய தொட்டியைக் கையால் செய்யும்போது மண்ணைக் கயிறுபோல் திரித்து, சுற்றின்மேல் சுற்றாக வைத்து, விரலால் அழுத்தி இழைப்பார்கள். கொஞ்சம் எழும்பியதும் நிறுத்திவிட வேண்டும். அது இறுகிய பிறகுதான் அடுத்த சுற்று. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கீழ்ச்சுவர் பிதுங்கிவிடும். மெல்ல உலர்த்தி, சுட்டு எடுத்ததும் தண்ணீரில் நனைப்பார்கள். மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு பின்னாளில் உப்பி வெடிக்காமல் இருக்கத்தான் இந்தக் குளியல்.

குறைந்த சூட்டில் அவசரமாகச் சுட்ட தொட்டி மலிவாகவே கிடைக்கும். வாங்கும் அன்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடும் பனி பெய்த ஒரு காலையில்தான் வித்தியாசம் தெரியும். அன்றைக்கு உடைவது தொட்டி மட்டுமல்ல. பல வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியின் வேரும் பனியில் கிடக்கும். குயவர் ஒவ்வொரு சுற்றுக்கும் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.