முகத்துக்கு முன்னால் கொஞ்சம் பகல்

டிசம்பர் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் சூரியன் காலை ஒன்பதே காலுக்கு எழும்பி, பின்னேரம் மூன்றே காலுக்குள் இறங்கிவிடும். இடைப்பட்ட ஆறு மணி நேரத்திலும் அது உச்சிக்கு வருவதில்லை. தெற்குப் பக்கத்து மர உச்சிகளை உரசிக்கொண்டே போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். அந்த ஒழுங்கில் வளர்ந்த உடம்பு இங்கே நவம்பர் பிறந்ததும் தடுமாறாமல் என்ன செய்யும்? விடிய எழும்ப முடியாது. பின்னேரமானால் இனிப்பும் சோறும் தேடும். யாரோடும் கதைக்க மனம் வராது. நம்மவர் பலர் இதைச் சோம்பல் என்று சொல்லித் தங்களையே திட்டிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இந்தக் குளிர்காலச் சோர்வை ஒரு நோயாக இனங்கண்டு பெயர் வைத்த நோர்மன் ரோசந்தாலும் வெயில் நாட்டிலிருந்து வந்தவர்தான். ஜொகனஸ்பேர்க்கில் படித்து, 1976இல் நியூயோர்க்குக்கு வந்த மனநல மருத்துவர். அங்கே குளிர்காலத்தில் தன் உற்சாகம் வடிந்துபோவதைத் தானே உணர்ந்தவர். பிறகு அவர் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் வேலை செய்தபோது, ஹெர்ப் கேர்ன் என்ற பொறியியலாளர் அங்கே வந்தார். தன் மனநிலை பருவத்தோடு ஏறி இறங்குவதை ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்திருந்த மனிதர் அவர். அவரைப் பிரகாசமான விளக்கின் முன்னால் உட்கார வைத்தார்கள். நடுக் குளிர்காலத்திலேயே தேறினார். 1984இல் ரோசந்தாலும் சகாக்களும் இந்த நோயைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒரு நோயாளி பொறுமையாக எழுதி வைத்த குறிப்புகளை மருத்துவர்கள் தூக்கி எறியாமல் வாசித்தார்களே, அதற்காகவே எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஆனால் கடைக்குப் போனால் குழப்பம் தொடங்குகிறது. பல்ப் அடுக்கிலும் 'பகல் வெளிச்சம்', சிகிச்சை விளக்கின் பெட்டியிலும் 'பகல் வெளிச்சம்'. ஒன்று சில குரோனர், மற்றது அதைப்போலப் பல மடங்கு. மலிவானதை வாங்கி மண்டபத்துக் கூரையில் மாட்டிவிட்டு, "ஒரு சுகமும் தெரியேல்லை" என்று சொல்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பல்ப் பெட்டியைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். 2700 கெல்வின் என்றால் மஞ்சள், 4000 நடுத்தர வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் நிறத்தை மட்டும்தான் சொல்லும். தேத்தண்ணியின் நிறத்தைப் பார்த்து, கோப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அளவைச் சொல்வது லூமன்; அதில் ஓரிடத்தில் வந்து விழுவது எவ்வளவு என்று சொல்வது லக்ஸ். 806 லூமன் பல்ப், பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடானது. மூடி எதுவும் இல்லாமல் எல்லாப் பக்கமும் எரியும் அப்படியான ஒரு பல்பிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் நேரே வந்து விழுவது சுமார் 64 லக்ஸ். சிகிச்சைக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது கண்மட்டத்தில் 10,000 லக்ஸ். கணக்குப் பாருங்கள்: ஒரே தூரத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பல்புகள் வேண்டும். 6500 கெல்வின் என்று போட்டிருந்தாலும் கூரை பல்ப் கூரை பல்ப்தான்.

அதற்காக வெள்ளை பல்ப் வீண் என்று சொல்லவில்லை. குசினியில் மீன் வெட்டும் இடத்திலும், பிள்ளை படிக்கும் மேசையிலும், தையல் மெசினுக்கு மேலேயும் அது வேண்டும். அங்கே கெல்வினை விட, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண்தான் எனக்கு முக்கியம். பெட்டியில் ஆர்ஏ 80 என்றோ 90 என்றோ இருக்கும். அரக்குச் சேலைக்கு ரவிக்கை தைக்க நூல் தேடும்போது இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். 80 பல்பின் வெளிச்சத்தில் அரக்கும் மண்ணிறமும் ஒன்றுபோலத் தோன்றும். 90க்கு மேலானதைப் போட்டால் எது எது என்று நூலே காட்டிக்கொடுக்கும். சிவப்பை ஒழுங்காகக் காட்டுவதுதான் எல்இடிக்குக் கடினமான வேலை.

இனிச் சிகிச்சை விளக்கு. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 10,000 லக்ஸ் எத்தனை சென்ரிமீற்றரில்? கைக்கடக்கமான, அழகான சின்ன விளக்குகள் இப்போது மலிவாக வருகின்றன. பெட்டியின் முன்பக்கத்தில் 10,000 என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே மடித்து வைத்த தாளில் 10 அல்லது 15 சென்ரிமீற்றர் என்று இருக்கும். அவ்வளவு கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு யார் புட்டுச் சாப்பிடுவது? கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் வெளிச்சம் சடாரென்று விழுந்துவிடும். தூரம் இரட்டித்தால் கால்வாசிக்குக் கிட்ட வந்துவிடும். முகம் பெரிதான, 30 சென்ரிமீற்றருக்கு அப்பாலும் அந்த அளவைத் தரும் விளக்குக்கே காசு கொடுக்கலாம். புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டதா, மின்னி நடுங்காமல் எரிகிறதா என்பதையும் பாருங்கள். மேசையில் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் போதும். உற்றுப் பார்க்கத் தேவையில்லை; கண் திறந்திருந்தால் சரி.

ஏன் கண்? விழித்திரையில், உருவத்தைப் பார்ப்பதற்காக அல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. 2002 அளவில்தான் இவை தெளிவாக இனங்காணப்பட்டன. நீலப் பக்கத்து ஒளி இவற்றை அதிகம் தூண்டும். உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைப்பது இவை அனுப்பும் செய்திதான். அதனால்தான் நேரம் முக்கியம். எழும்பியவுடன் அரை மணி நேரம், தேத்தண்ணியோடு. அதே விளக்கை இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் நித்திரை ஓடிவிடும்.

நம்மவர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்டபம், படுக்கையறை, சாமியறை என்று எல்லா இடமும் பளீரென்ற வெள்ளை லைற். ஊரின் ரியூப் லைற்றில் வளர்ந்த கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சம் அழுது வடிவதுபோல் தெரிகிறது. எனக்கு அது புரிகிறது. ஆனால் நோர்வேக்காரர் பின்னேரங்களில் மூலைக்கு மூலை சின்ன மஞ்சள் விளக்கும் மெழுகுதிரியும் வைப்பதில் ஒரு அறிவு இருக்கிறது. காலையில் நிறைய வெளிச்சம், இரவில் கொஞ்சமாக மஞ்சள். இரண்டும் சேர்ந்தால்தான் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று பிடிபடும்.

அடிக்கடி வரும் கேள்வி: "அக்கா, இந்த லைற்றாலை விற்றமின் டி வருமோ?"

"வராது தம்பி. அதுக்கு வேற கதிர் வேணும், அதைத்தான் இதிலை வடிகட்டி வைச்சிருக்கு. நீ மீனெண்ணெயைக் குடி, இல்லாட்டி டொக்டரிட்டைக் குளிசை கேள்."

வெளியே போவதற்கு எதுவும் ஈடில்லை. மேகம் மூடிய குளிர்கால மதியத்திலும் ஒஸ்லோத் தெருவில் ஆயிரம் லக்ஸைத் தாண்டும். நம் மண்டபங்களில் இரவில் இருநூறு இருந்தாலே அதிகம். தெலமார்க் மலைகளுக்கிடையே ரூக்கான் என்று ஒரு ஊர் இருக்கிறது. செப்ரெம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் விழாது. தொழிலாளர்கள் மேலே போய் வெயில் காயட்டும் என்று 1928இல் கம்பிவடப் பெட்டி கட்டினார்கள். 2013இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்துக்கே வெயிலைத் திருப்பிவிட்டார்கள். வெளிச்சத்தை ஊர்ப் பொதுச் சொத்தாக நினைத்த இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

என் கவலையெல்லாம் ஊரிலிருந்து கூப்பிட்டு வைத்திருக்கும் அம்மா அப்பாமாரைப் பற்றித்தான். பனியில் வழுக்கும் என்ற பயத்தில் அவர்கள் நாலு மாதம் வெளியே இறங்குவதில்லை. அவர்களுக்கு விளக்கு வாங்குமுன் கண் மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே அதிகம். வெளிச்சத்தோடு ஒத்துவராத மருந்து குடிப்பவர்களும் உண்டு. மனம் அளவுமீறி உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் இருமுனை நோய் இருந்தால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் விளக்கைத் தொடவே கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்ற அளவுக்குச் சோர்வு போனால் விளக்கை நம்பி இருக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மருத்துவர் சரி என்றால் ஒக்ரோபரிலேயே தொடங்குங்கள், டிசம்பர் வரை பொறுக்க வேண்டாம். அதோடு அவர்கள் உட்காரும் கதிரையைத் தொலைக்காட்சிப் பக்கத்திலிருந்து எடுத்து, தெற்கு ஜன்னலோரம் போட்டுவிடுங்கள்.