நடுநாக்கின் பள்ளம்

கபெர்னே சோவிஞோன் திராட்சையில் மட்டும் செய்த இளம் வைனை ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கில் உருட்டிப் பாருங்கள். முதலில் பிளாக்கரன்ட் பழம் வந்து முட்டும். கடைசியில் துவர்ப்பு வந்து ஈறைப் பிடிக்கும். இடையில், நடுநாக்கில், ஒன்றும் நடக்காது. இந்த வெற்றிடத்தை வைன்காரர்கள் பள்ளம் என்பார்கள். கலிபோர்னியாவின் நாபா வெயிலில் நன்றாகப் பழுத்த கபெர்னேயில் அது தெரியாமல் போகலாம். போர்தோவின் ஈரக் காற்றில், அரைகுறை வெயில் அடித்த ஓர் ஆண்டில் விளைந்ததில் தெரியும். அந்த இடத்தில் கொஞ்சம் மெர்லோவைச் சேர்த்தால் பள்ளம் மூடிக்கொள்ளும்.

பாரிஸில் ஓர் உணவகத்தில் வைன் பொறுப்பு என்னுடையது. வாங்குவது, நிலவறையில் அடுக்குவது, எந்தச் சாப்பாட்டோடு எது போகும் என்று மேசைக்கு மேசை சொல்வது. ஒப்பிடுவதுதான் வேலையின் பெரும்பகுதி. ஒரே ரகத்தில் செய்த வைன்களை ஒப்பிடுவது ஓரளவு லேசு: பர்கண்டியின் இரண்டு பினோ நுவார்களை எடுத்தால் மண்ணும் ஆண்டும் செய்தவர் கையும்தான் வேறு. கலவைகள் அப்படியல்ல. ஒன்றில் மூன்று ரகம், இன்னொன்றில் ஐந்து, ஒன்று கடலோரம், இன்னொன்று மலையடி. எதை எதோடு வைத்துப் பார்ப்பது?

பலர் வாசனைகளை எழுதி ஒப்பிடுகிறார்கள். இதில் புகையிலை, அதில் செர்ரி, இதில் தோல், அதில் காய்ந்த இலை. பட்டியல் நீளுமே தவிர எதுவும் விளங்காது. என் கேள்வி ஒன்றுதான்: இந்தப் போத்தலுக்குள் இருக்கிற ஒவ்வொரு ரகமும் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது? குறை தெரிந்தால் ஊரும் தெரிந்துவிடும்.

போர்தோவின் குறை வானிலை. கிரோந்த் முகத்துவாரத்தின் இடது கரை மெதொக்கில் சரளைக் கற்கள். தண்ணீர் நிற்காது, பகல் வெப்பத்தைக் கல் பிடித்து வைத்திருக்கும். பிந்திப் பழுக்கிற கபெர்னேக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரைப் பக்கம் பொம்ரோலிலும் சென்த் எமிலியோனிலும் குளிர்ந்த களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும். அங்கே முந்திப் பழுக்கிற மெர்லோவும், அதற்குத் துணையாகக் கபெர்னே ஃபிரானும் ஆள்கின்றன. மெர்லோ முந்தித் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனி அதைத்தான் முதலில் எரிக்கும். 2017இல் அதுதான் நடந்தது. கபெர்னே உறைபனிக்குத் தப்பினாலும் அறுவடை நேரத்து மழையில் மாட்டும். ஒன்று போனால் மற்றது நிற்கட்டும் என்று இரண்டையும் நட்டவர்கள், ஒன்றின் பள்ளத்தை மற்றது மூடுவதையும் கண்டுகொண்டார்கள். இந்தக் கலவையை விவசாயியின் பயத்திலிருந்து பிறந்ததாகத்தான் நான் பார்க்கிறேன். அரண்மனைப் படம் ஒட்டிய லேபிள்கள் அதைச் சொல்வதில்லை.

கலவை தீர்மானமாவதைப் பார்க்க வேண்டுமானால் அறுவடைக்கு அடுத்த குளிர்காலத்தில் போக வேண்டும். மெதொக்கில் ஒரு நிலவறைக்காரர் என்னைப் பக்கத்தில் உட்கார விட்டார். நீள மேசை, வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு தோட்டத் துண்டிலிருந்தும் எடுத்த மாதிரிகள் எண் மட்டும் எழுதிய சிறு போத்தல்களில். நடுவில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்த அதே அளவுச் சாடி. எழுபது மில்லிலீட்டர் கபெர்னே, இருபத்தேழு மெர்லோ, மூன்று பெத்தி வெர்தோ. அந்த மூன்று மில்லிலீட்டரில் விளிம்பு வரை நிறம் ஏறியது, வாயில் முதுகெலும்பு வைத்ததுபோல நிமிர்ந்தது. அவர் அதையே ஆறாக்கிக் காட்டினார். மெர்லோவைக் காணவில்லை. கபெர்னேயும் பின்னால் போய்விட்டது. மேசையில் இருந்த எவரும் இரண்டாவது வாய் எடுக்கவில்லை.

அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. தனியாகச் சுவைத்தபோது எல்லோரும் அதிக மதிப்பெண் போட்ட மாதிரிகளை மட்டும் சேர்த்தால் வைன் நன்றாக வரவில்லை. தனியாக மெலிந்து தெரிந்த ஒரு மாதிரியைச் சேர்த்த பிறகுதான் மற்றவை மூச்சு விட்டன. கலவைக்குள் போகாமல் மிஞ்சுவது பெரிய வீடுகளில் இரண்டாம் வைனாகும். லத்தூரின் லே ஃபோர் த லத்தூர், மார்கோவின் பவியோன் ரூஜ் எல்லாம் இந்த வழியில் வருபவை. விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சதவீதத்தைப் பார்த்து வைன் வாங்குகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. போன வருடத்து எழுபதும் இந்த வருடத்து எழுபதும் ஒன்றல்ல.

இனித் தெற்கே ரோன் ஆற்றோரம் ஷத்தோநெஃப்-து-பாப். அங்கே குறை தலைகீழ். வெயிலுக்குப் பஞ்சமில்லை. மிஸ்திரால் காற்று அடித்து இலையைக் காயவைத்துவிடும், அழுகல் குறைவு. அங்கே அரசி கிரெநாஷ். நன்றாகப் பழுக்கும், சர்க்கரை ஏறும், 15 சதவீத ஆல்கஹால் அங்கே சாதாரணம். ஆனால் நிறம் மெல்லியது, புளிப்புக் குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் களைத்துப்போகும். அதனால்தான் அந்த ஊரில் பலர் கிரெநாஷைப் புதிய சிறு பீப்பாய்களில் போடாமல் சீமெந்துத் தொட்டியிலும் பெரிய பழைய மரப் பீப்பாய்களிலும் வைக்கிறார்கள். சிரா நிறத்தைக் கொடுக்கிறது. பிந்திப் பழுக்கும் மூர்வேத்ர் துவர்ப்பையும் இறைச்சி வாசத்தையும் கொண்டுவருவதோடு, காற்றுக்கு எதிரே கிரெநாஷுக்குக் காவல் நிற்கிறது. சான்சோ பாரத்தைக் குறைக்கிறது.

1923இல் பாரோன் லெ ருவா என்ற திராட்சைத் தோட்டக்கார வழக்கறிஞர் அந்த ஊருக்கு எழுதிய விதிகள்தான் பின்னர் பிரான்ஸ் முழுவதற்கும் வந்த பெயர்க் காப்புச் சட்டத்துக்கு முன்மாதிரி. 1936இல் ஷத்தோநெஃப் அந்தக் காப்பைப் பெற்றது. விதியில் 13 ரகங்களுக்கு அனுமதி, வெள்ளைத் திராட்சைகளும் அதில் அடக்கம். பொகாஸ்தல் தோட்டம் பதின்மூன்றையும் வளர்க்கிறது, மூர்வேத்ருக்கு அங்கே தனி மரியாதை. அதே ஊரில் ரயாஸ் தோட்டத்துச் சிவப்பு கிரெநாஷ் மட்டும்தான். ரயாஸ் மண் மணல், சுற்றிலும் மரங்கள், கிரெநாஷ் அங்கே மெதுவாகப் பழுக்கிறது. துணை கேட்கும் குறை அங்கே இல்லை, ஆகவே துணையும் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் குடிக்கக் காசு இருக்க வேண்டும், அது வேறு கதை.

எங்கள் உணவகத்தில் புதுப் போத்தல் வரும்போது சமையலறை ஆட்களுக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பேன். பாரிஸ் சமையலறைகள் பலவற்றைப்போல எங்களுடையதிலும் நம் ஆட்கள் உண்டு. அவர்களில் மூத்த ஓர் அண்ணை வைன் படிப்புப் படித்தவரல்ல, நாக்கு மட்டும் கூர். மெதொக்கின் போயாக் ஊர் இளம் வைன் ஒன்றைக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, பச்சைப் பாக்கு மென்ட மாதிரி இழுக்குது."

அடுப்பில் இருந்த ஆட்டுத் தொடையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, திரும்பக் குடிக்கச் சொன்னேன்.

"இப்ப விடுது."

பாக்கிலும் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வந்தால் பிடி தளரும். அடுத்ததாக ஷத்தோநெஃப் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"இது இழுக்கேல்லை, அண்ணை சொல்லுறன் கேள், சுடுது."

இடது கரைக்கும் தெற்கு ரோனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடச் சுருக்கமான குறிப்பு என் கொப்பியில் இல்லை.

இரண்டையும் ஒரே அமர்வில் பார்க்கும்போது மெதொக்கை முதலில் ஊற்றுங்கள். கிரெநாஷின் இனிப்புக் கனிவுக்குப் பிறகு மெதொக் வந்தால் புளிப்பும் முரடுமாகத் தெரியும், அது அதன் குற்றமல்ல. கிளாஸ்கள் ஒரே வடிவில் இருக்கட்டும். சூடு முக்கியம். சிவப்பு வைன் அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பழைய பேச்சு, வெப்பமூட்டி இல்லாத கல்வீட்டுக் காலத்தது. 16, 17 பாகை போதும். கோடையில் ஷத்தோநெஃப் போத்தலைப் பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைத்துத்தான் மேசைக்குக் கொண்டுபோவேன். சில வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், குடித்த பிறகு கேள்வி வராது.

கூட இருப்பவர் உங்களுக்கு வரும் வாசனை தனக்கு வரவில்லை என்றால் வாதிடாதீர்கள். சிராவின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள், மிளகில் இருப்பதும் அதுவே. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை 2008இல் வெளியிட்டபோது, முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவேயில்லை. என் சக ஊழியர் ஒருவர் அந்த ஐந்தில் ஒருவர். சிராக் கலவைகளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவது இரண்டு வெவ்வேறு வைன்களைப் பற்றி.

சிவப்பு வைனில் வெள்ளைத் திராட்சை சேர்ப்பதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்களுக்கு இரண்டு ஊர்களைச் சொல்வேன். வடக்கு ரோனில் கோத் ரோத்தி. அங்கே சிராவோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்க்கலாம், இரண்டும் ஒன்றாகவே நொதிக்க வேண்டும். பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை. சேர்த்தால் நிறம் வெளிறும் என்றுதான் தோன்றும். ஒன்றாக நொதித்தால் நிறம் இன்னும் ஆழமாகி நிலைக்கிறது, மணத்தில் ஒரு பூ ஏறுகிறது. வெள்ளைக்கு அங்கே வேலை இருக்கிறது.

மற்றது தஸ்கனியின் கியாந்தி. பெத்தினோ ரிக்கசோலி 1872இல் எழுதிய கடிதத்தில் சான்ஜொவேசேயின் கடுமையைத் தணிக்கக் கனையோலோவைச் சொன்னார். வெள்ளை மல்வசியாவை இளசாகக் குடிக்கும் வைனுக்குத்தான் சொன்னார், நாள்பட வைக்கும் வைனுக்கு வேண்டாம் என்றார். 1967இல் வந்த விதியோ வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது, குறைந்தது 10, கூடினால் 30 சதவீதம். ஏற்கெனவே நிறம் மெலிந்த, புளிப்பு மிஞ்சிய திராட்சைக்கு மேலும் நீர்த்த துணை. அந்தக் கால மலிவு கியாந்திகளின் கெட்ட பெயருக்கு அதுவும் ஒரு காரணம். 1971 அறுவடையின் தின்யனெல்லோவை வெளியிட்ட அந்தினோரி குடும்பம் ஊர்ப் பெயரையே விட்டுக்கொடுத்து, சாதாரண மேசை வைன் என்ற லேபிளில் விற்றது. கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்கு முழுத் தடை வந்தது 2006இல்தான். குறையைப் பார்க்காமல் சட்டத்துக்காகக் கலந்த வைன் எப்படி இருக்கும் என்று அறிய அந்தப் பழைய போத்தல்களைச் சுவைக்கலாம். சிபாரிசு செய்யமாட்டேன்.

ரியோகாவில் தெம்ப்ரானியோவுக்குப் புளிப்பைக் கொடுக்கக் கிராசியானோ, சதையைக் கொடுக்கக் கர்னாச்சா. ஆனால் அங்கே கலவையின் பெரிய பங்காளி காலம்: கிரான் ரெசர்வா என்று எழுத ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், அதில் இரண்டு ஆண்டு பீப்பாயில். அமெரிக்க ஓக் மரம் தரும் தேங்காய் மணத்தை நம் ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அவுஸ்திரேலியாவில் கபெர்னேயின் பள்ளத்தை மெர்லோவுக்குப் பதில் ஷிராஸ் மூடுகிறது, சிராவுக்கு அங்கே அதுதான் பெயர். பென்ஃபோல்ட்ஸின் பின் 389 அந்த வழியில் 1960 முதல் வருகிறது. அதைக் கேட்டுச் சிரிக்கும் போர்தோ பிரியர்களிடம், 19ஆம் நூற்றாண்டில் போர்தோ வியாபாரிகள் மெலிந்த ஆண்டுகளில் வடக்கு ரோனின் எர்மிதாஜிலிருந்து சிரா வாங்கிக் கலந்ததை ஞாபகப்படுத்துவேன்.

இப்போது குறையே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. முன்பு பல ஆண்டுகளில் பழுக்காமலே போன பெத்தி வெர்தோ இன்று நன்றாகப் பழுக்கிறது. மெர்லோ அவசரமாகப் பழுத்து ஆல்கஹாலை ஏற்றுகிறது. வலது கரையில் கபெர்னே ஃபிரானின் மதிப்புக் கூடியிருக்கிறது. 2021இல் போர்தோ, போர்தோ சுப்பேரியர் வைன்களுக்குப் போர்த்துக்கல்லின் தூரிகா நசியொனால் உட்பட ஆறு புதிய ரகங்கள் அனுமதி பெற்றன, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் போகாமல். மெர்லோ எந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததோ அதைவிட, மெர்லோ உண்டாக்கும் சூட்டைத் தணிப்பதுதான் சில தோட்டங்களில் இன்றைய கவலை.

இதை வீட்டில் சோதிக்க விலைகூடிய போத்தல் வேண்டாம். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் விளைந்த ஒரு கபெர்னே, ஒரு மெர்லோ. சிலியிலிருந்து வருபவை மலிவு. மருந்துக்கடை அளவுச் சாடி ஒன்று. பத்துக்குத் தொண்ணூறில் தொடங்கி மெர்லோவைக் கூட்டிக்கொண்டே போங்கள். விகிதத்தைக் கிளாஸின் அடியில் எழுதி, யாரையாவது வரிசையை மாற்றச் சொல்லுங்கள். பிறகு கைக்கு எட்டினால் தனிக் கிரெநாஷ் ஒன்றையும், மூர்வேத்ர் ஓங்கிய பந்தோல் ஊர் வைன் ஒன்றையும் அதேபோலப் பாருங்கள். மிச்சத்தைக் கார்க் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்துக் கொஞ்சம் சூடேற விட்டுக் குடியுங்கள். கிரெநாஷ் தளர்ந்திருக்கும், மூர்வேத்ர் அப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கும்.