துடைத்த சிலேற்று

கடல்கடந்து வாழும் எம் மகளுக்குப் பேறுகாலம். செய்தி வரும் வழியோ வீட்டு ரவுட்டர் ஒன்றே. அன்றிரவு பார்த்தா அதன் உள்ளுறை நிரலைப் புதுப்பிக்கப் புகுந்தோம்! பாதியில் மின்சாரம் நின்றது. மீண்டபோது பெட்டியில் ஒரு விளக்கேனும் எரிந்திலது.

1984இல் ஜப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோக்கா அறிமுகஞ் செய்த ‘பிளாஷ்’ நினைவகத்தின் இயல்பு அது. எழுதியதன் மேல் எழுத இடங்கொடாது. ஒரு பகுதி முழுவதையும் முதலில் துடைத்தல் வேண்டும், கீழ்வகுப்பில் நாம் சிலேற்றைத் துடைத்தது போல. துடைத்தாயிற்று, எழுதியாகவில்லை. பழைய பிரதியையும் காத்து வைக்கும் பெட்டிகள் உள, எமது மலிவானது.

எம்மோடு பயின்ற அயல்வீட்டு நண்பர், அழியாதெஞ்சிய தொடக்க நிரலின் துணைகொண்டு, கணினியைக் கம்பியால் இணைத்து யாவற்றையும் மீள ஏற்றினார். விளக்கு எரிந்தது. பேரன் பிறந்து அப்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.