பேய்வீட்டுக் கதை

பேய்வீட்டுக் கதைகளிற் பெரும்பாலானவை கேட்ட மறுநாளே மறந்துபோகின்றன. பாழ்மனை, வௌவால், கிறீச்சிடும் கதவு, வெண்சேலை உடுத்த உருவம் ஆகிய இவற்றை வரிசையாக நிறுத்திவிட்டால் அச்சம் தானே பிறக்கும் என்று சொல்வோர் எண்ணிவிடுகின்றனர். பிறப்பதில்லை. என்னை? அவ்வீட்டில் அடுப்பெரிந்த நாளை அவர்கள் நமக்குக் காட்டுவதில்லை. அங்கே யார் உண்டார், யார் எவருக்காகக் கண்விழித்திருந்தார் என்று அறியாத நமக்கு, இருளில் உலாவுவது பேயாயினும் பூனையாயினும் ஒன்றே.

நெல்லைச் சீமைக்குரியவரான புதுமைப்பித்தன் 1943-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காஞ்சனை’ இக்குறை இல்லாதது. அதில் பாழ்மனையே இல்லை. ஓர் எழுத்தாளரும் அவர் மனைவியும் குடியிருக்கும் வீடு. வேலைக்கென வந்து சேரும் ஒரு பெண். நள்ளிரவில் எங்கிருந்தோ வரும் ஒரு வாடை. கண்ணிற் பட்டதை மயக்கம் என்று தள்ளிவிடலாம். மூக்கில் ஏறியதைத் தள்ளுவது அரிது. வந்தவள் யாவள் என்பதைக் கதை இறுதிவரை தீர்த்துரைப்பதில்லை. ஆயினும் படித்து முடித்தபின் நம் வீட்டு அடுக்களைப் பக்கம் போக நாமே சற்றுத் தயங்குகிறோம்.

வாடை என்றதும் நம் கடற்கரையே நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அது நடந்த காலங்களில் கரையிலே ஓலைக் கொட்டகைகளால் ஒரு பட்டணமே எழும்பும். சில வாரங்களில் மறையும். சிப்பிகளைக் குவித்துப் பல நாள் அழுகவிட்டு, அதன்பின் அலசியே முத்தெடுப்பர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் செபிக்கும் கடல்கட்டிக்கு, மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசாங்கமே முற்காலத்திற் கூலி கொடுத்துவந்தது. அச்சமும் கணக்கில் ஏறிய தொழில் அது! குளிப்பவனுடைய கயிற்றைப் பிடிப்பவன் அவன் மைத்துனனாதல் வேண்டும் என்பதும் இக்கரையில் வழங்கும் பேச்சு. உடன்பிறந்தாளின் தாலியை நினைப்பவன் கை சோரான் அன்றோ? அக்கை ஒருநாள் சோர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் அவ்வீட்டுத் திண்ணையில் விடியுந்தோறும் ஓர் ஈரக் கயிறு கிடந்தது என்று மட்டும் சொன்னாற் போதும். வெண்சேலை எதற்கு?

அக்கரையில், இலங்கையின் அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்ப்பதற்காக ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801-க்கும் 1804-க்கும் இடையே எழுப்பிய மாளிகை கடலால் அரிக்கப்பட்டு இடிந்து நிற்கின்றது. தோற்றத்தில் பேய்வீடு அதுவே. எனினும், குளிப்புக்கென வந்து அது முடிந்ததும் பெட்டி கட்டிய துரைமாரின் மாளிகை அது. அதன் தூண்களை அளந்துபார்க்கும் ஆசை வருகிறதே யன்றி, அச்சம் வருவதில்லை.

நிற்க. இதே மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் தனுஷ்கோடி இருக்கின்றது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயல், பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியை அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுக்கு இரையாக்கியது, ஊரையும் அழித்தது. தேவாலயச் சுவர்களும் ரயில் நிலையத்தின் சிதைவுகளும் எஞ்சின. வாழத் தகாத இடமென்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. இன்று அங்கே செல்வோர் ‘பேய் நகரம்’ என்று பெயரிட்டுப் படம் பிடித்து மகிழ்கின்றனர்.

அடுப்பெரிந்த வீடு வேண்டும் என்றோமே, அங்கே அத்தகைய வீடுகள் பல இருந்தன. அதனாலேயே அவ்வூரைக் குறித்துக் கதை புனைய நமக்கு நா எழவில்லை. மாண்டவரின் மக்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் முற்றத்தில் அமர்ந்து, அவர்கள் முகத்தை நோக்கிச் சொல்லக்கூடிய பேய்க்கதை எதுவோ அதையே நாம் சிறந்ததென மதிப்போம். காஞ்சனை கதையையும் திண்ணைக் கயிற்றையும் அங்கே சொல்லலாம். படம் பிடிப்போரின் கதையைச் சொல்ல இயலாது.

இடிந்த தேவாலயத்தின் அருகே குடிசை கட்டிச் சில மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. சங்கும் சிப்பியும் பரப்பி விற்கின்றனர். இரவிலே இங்குப் பேய் நடமாடுமா என்று வருவோர் வினவுவதும் அவர்களிடமே.