ஊகுமோன் பண்ணை

பெல்ஜிய நாட்டுத் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே, வாட்டர்லூப் போர்க்களத்தில் ஊகுமோன் என்னும் பழைய பண்ணை ஒன்று உளது. கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய மதில், அதனுள் மாளிகை, உழவர் மனை, களஞ்சியம், சிறு கோயில், கிணறு, புறத்தே பழத்தோட்டம். உழவுத் தொழிலுக்கென அமைந்த இவ்விடம் ஒரே நாளில் கோட்டையாயிற்று.

1815 ஜூன் 18 அன்று நெப்போலியனை எதிர்த்து நின்ற வெல்லிங்டன், தம் படையின் வலப்புறத்தைக் காக்க ஆங்கிலேய, ஜெர்மானிய வீரரை இங்கு நிறுத்தினார். பிரெஞ்சுப் படை முற்பகல் முதல் மாலை வரை மோதியது. ஒருமுறை அவர்களுள் ஒரு குழுவினர் வடக்கு வாயிலை உடைத்து உட்புகுந்தனர். மக்டானல் என்னும் படைத்தலைவரும் தோழர் சிலரும் தோள் கொடுத்துக் கதவை மூடினர். உள்ளே அகப்பட்டோருள் முரசறையும் சிறுவன் ஒருவனே பிழைத்தான் என்பர். பின்னர் எரிகுண்டுகள் வீழ்ந்தன; மாளிகையும் களஞ்சியமும் வெந்தழிந்தன. கோயிலினுள் புகுந்த தீ, மரத்தாலாகிய இயேசுவின் திருவுருவத்தில் பாதங்களைக் கருக்கியதோடு அவிந்தது. பண்ணை வீழவில்லை, நெப்போலியனே வீழ்ந்தார்.

புகழோடு கதையும் வளர்ந்தது. கிணற்றில் 300 பிணங்கள் எறியப்பட்டன என்று விக்டர் ஹியூகோ 1862-இல் வெளிவந்த தம் புதினத்தில் எழுதினார். பிற்காலத்தார் அதனை அகழ்ந்து பார்த்தபோது மனித எலும்பு ஒன்றும் அகப்படவில்லை.

மாளிகை மீண்டும் கட்டப்படவில்லை. ஆயினும் ஏர் ஓயவில்லை. 20-ஆம் நூற்றாண்டிலும் அங்கு வேளாண்மை நடந்தது. 2015-இல், போரின் 200-ஆம் ஆண்டு நிறைவில், பண்ணை செப்பனிடப்பெற்றுப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. காண வருவோர் அந்த ஒரு நாளையே நினைக்கின்றனர். அச்சுவர்களோ, விதைப்பும் அறுவடையுமாய்க் கழிந்த எத்தனையோ அமைதியான ஆண்டுகளுக்கும் சான்றாக நிற்கின்றன.